அரசே நம்பாத கையெழுத்து

கோபத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துக் காட்டுங்கள், உங்கள் முறை இது.

திண்டிவனத்தில் இருக்கும் என் அக்காள் பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வட்டாட்சியரின் டிஜிட்டல் கையொப்பத்தோடு சாதிச் சான்றிதழ் வாங்கினோம். விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் நீட்டினால், "கையெழுத்தே இல்லையே சார், பச்சை மையில் போட்டு ரவுண்டு சீல் வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள். பிள்ளை முகம் வாடிப்போனது. பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. உயில் போன்ற சில ஆவணங்கள் தவிர, சட்டம் கையெழுத்து கேட்கும் இடத்தில் மின் கையொப்பம் போதும் என்கிறது அதன் 5ஆம் பிரிவு. கையொப்பமிடும் அதிகாரியிடம் ஒரு ரகசியச் சாவி. அதன் ஜோடிச் சாவி பொதுவில் இருக்கும், அதை வைத்து யாரும் சரிபார்க்கலாம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். பச்சை மைக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டா? பச்சைப் பேனா எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. (இடைநிலை ஆசிரியனாகவே ஓய்வு பெற்ற எனக்கு அந்தப் பேனா மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு.)

ஆனால் தாளில் அச்சடித்தால் கையொப்பம் கூடவே வராது, பெயரும் தேதியும்தான் வரும். மூலக் கோப்பைத் திறக்க வேண்டும், அல்லது கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் திறந்தோம். மஞ்சள் கேள்விக்குறி! கையொப்பத்தில் கோளாறு இல்லை. நம் நாட்டு மூலச் சான்றிதழை நம்பும்படி அந்தக் கணினியை யாரும் அமைத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கிளார்க்கை மட்டும் திட்டி என்ன பயன்? 2014இல் தேசிய தகவலியல் மையத்தின் வழியாகவே கூகுள், யாஹூ தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்கள் வெளியேறி, பிறகு ரத்து செய்யப்பட்டன. மறு ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு ஒரு குறியாக்கக் கொள்கை வரைவு வெளியிட்டது. பூட்டி அனுப்பிய செய்தியின் திறந்த நகலைக் குடிமக்கள் 90 நாள் வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டுமாம்! எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெற்றார்கள். எங்கள் பூட்டை நம்பமாட்டேன், என் சாவியை நீ நம்பு என்றால் எப்படி ஐயா?

வருவாய்த் துறையிலும் கல்லூரி அலுவலகங்களிலும் என் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். நாளை உங்கள் மேசைக்கு இப்படி ஒரு தாள் வந்தால், திருப்பி அனுப்புமுன் செல்போனை எடுத்து அந்தக் கட்டத்தை ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். நான் காலை முதல் பஸ்ஸில் சீல் வாங்கத் திண்டிவனம் போகிறேன்.