கணக்கு ஆசிரியர் மேடையேறிய கதை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் இலை போடுவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "மகன் என்ன செய்றான்?" டாக்டர், வக்கீல் என்றால் முகங்கள் மலரும். ஆசிரியர் என்றால், "பரவாயில்லை, பென்ஷன் இருக்கு" என்ற ஆறுதல் கிடைக்கும். "வாத்தியார் வேலையை விட்டுட்டு மேடையில ஜோக் சொல்றான்" என்று ஒரு தாய் பதில் சொன்னால்? இங்கே அப்படிச் சொன்ன தாயை நான் இன்னும் சந்திக்கவில்லை. இங்கிலாந்தில் ஒருவர் இருக்கிறார். பெயர் சாந்தி. மகன் ரொமேஷ் ரங்கநாதன்.

ரொமேஷ் 1978-இல் கிராலி நகரில் பிறந்தவர். கேட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். பெற்றோர் இலங்கைத் தமிழர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வே வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் வேர்விட்ட குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அந்த வீட்டின் கனவு புதிதாக இருக்காது. நல்ல பள்ளி, நல்ல படிப்பு, நாலு பேர் மதிக்கும் வேலை. ரொமேஷையும் ரைகேட் கிராமர் என்ற கட்டணப் பள்ளியில்தான் சேர்த்தார்கள்.

அவர் சிறுவனாக இருக்கும்போதே எல்லாம் சரிந்தது. அப்பா மோசடி வழக்கில் சிறைக்குப் போனார். வீடு கடனில் போனது. அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தங்கும் விடுதி ஒன்றில் நாள்களை ஓட்டினார். கட்டணப் பள்ளி நின்றது. ஹேசல்விக் என்ற அரசாங்கப் பள்ளிக்கு மாறினார் ரொமேஷ்.

இப்படி ஒன்று நம் குடும்பத்தில் நடந்தால் என்ன செய்வோம்? "அப்பா வெளியூர்ல வேலையா இருக்காரு" என்போம். கோயிலுக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொள்வோம். பிள்ளைகளிடம், "யாராவது கேட்டா எதுவும் சொல்லாதே" என்போம். அந்தப் பிள்ளைகள் முப்பது வயதிலும் சொல்லமாட்டார்கள். அப்படி வளர்ந்த சிலரை எனக்குத் தெரியும். இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும்.

ரொமேஷ் படித்து, தாம் பயின்ற அதே ஹேசல்விக் பள்ளியில் கணக்கு ஆசிரியரானார். மேல்வகுப்புகளுக்குப் பொறுப்பாளராகவும் உயர்ந்தார். 2010 வாக்கில் இரவு நேரங்களில் சின்னச் சின்ன மேடைகளில் ஏறத் தொடங்கினார். பகலில் அல்ஜீப்ரா, இரவில் நகைச்சுவை. 2011-இல் அப்பா காலமானார். அந்தக் காலகட்டத்தில்தான் வேலையையும் விட்டார். அப்போது அவர் இளைஞர் அல்ல. மனைவி, பிள்ளைகள் என்று குடும்பஸ்தர். 2013-இல் எடின்பரோ விழாவில் சிறந்த புதுமுகத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. மறு ஆண்டு முதன்மை விருதுக்கான பட்டியலிலேயே வந்தது.

மேடையில் அவர் எதைச் சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிறைக்குப் போன அப்பா, பறிபோன வீடு, எடை கூடிய உடம்பு, தமிழ் பேசத் தெரியாத வெட்கம் எல்லாவற்றையும் முகத்தில் ஒரு சலிப்போடு, சிரிக்காமல் சொன்னார். அரங்கம் சிரித்தது. அதில் அப்பாவைப் பழிவாங்கும் வெறி இல்லை. அவரை நேசித்தவரின் கோபம் இருந்தது.

நம் தமிழ் மேடைகளிலும் நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. ஆனால் யாரைக் கேலி செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மாமியார், கறுப்பு நிறம், குண்டானவர், குடிகாரர். சொல்பவர் மட்டும் தப்பித்துவிடுவார்.

சிறுவயதில் எங்கள் வீட்டில் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' வீடியோ கேசட் தேயும்வரை ஓடியது. 1977-இல் தொடங்கிய பிரிட்டிஷ் தொடர். அதில் ரஞ்சித் சிங்காக வந்து சிரிக்க வைத்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். ஜேம்ஸ் பாண்ட் படங்களிலும் தலைகாட்டியிருக்கிறார். திறமைசாலி. இருந்தும் அவருக்குக் கிடைத்தது தலைப்பாகையும் தடுமாறும் ஆங்கிலமும்தான். நாமும் விழுந்து விழுந்து சிரித்தோம், நம்மைப் பார்த்தே. ரொமேஷ் காலத்தில் அந்த இடம் மாறிவிட்டது. அவர் பேசுவது கிராலிக்காரரின் ஆங்கிலம். தம் வாழ்க்கையில் எது சிரிப்புக்குரியது என்பதை அவரே முடிவு செய்கிறார்.

2015-இல் பிபிசிக்காக அவர் செய்த 'ஏஷியன் ப்ரோவகேட்டர்' தொடரை நம் வீடுகளில் அவசியம் பார்க்க வேண்டும். "உன் வேர் உனக்குத் தெரியவில்லை" என்று அம்மா இலங்கைக்கு அனுப்பிவைக்க, மகன் முனகிக்கொண்டே உறவினர் வீடுகளுக்குப் போகிறார். அம்மாவோ மகனைக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் வாரிவிடுகிறார். அந்தத் தொடருக்குப் பிறகு சாந்தி அம்மாவே ஒரு நட்சத்திரமாகிவிட்டார். மகன் வீட்டுக் கதையை வெளியே சொன்னதற்கு அவர் கொடுத்த பதில், கேமரா முன் வந்து தம் பங்கையும் சொன்னதுதான்.

அப்பா கடைசிக் காலத்தில் மதுவிடுதி ஒன்றை நடத்திவந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 2018-இல் ஸ்கை தொலைக்காட்சியில் வந்த 'தி ரிலக்டன்ட் லேண்ட்லார்ட்'. அப்பா விட்டுச்சென்ற விடுதியை மனமில்லாமல் ஏற்று நடத்தும் மகனாக அவரே நடித்தார். நகைச்சுவைத் தொடர்தான். ஆனால் அப்பா இறந்தபின் அவருடைய கடையையோ காரையோ என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற எந்த மகனுக்கும் அது வேறு மாதிரிப் படும். பிறகு 'அவாய்டன்ஸ்', பாஃப்டா விருதுகள், 2024 முதல் பிபிசி ரேடியோ 2-இல் சனிக்கிழமை நிகழ்ச்சி என்று வரிசையாக வந்தன. நடுவில் அவர் நடத்தும் போட்டி நிகழ்ச்சிகளில் எனக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை. சம்பளத்துக்குச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் தமிழ்க் குடும்பத்துப் பழக்கம்தானே.

கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் கணக்காய்வு நிறுவனத்தில் இருக்கிறான். மாதம் இரண்டு இரவு கோலாலம்பூருக்கு வந்து மேடையேறுகிறான். வீட்டில் சொல்லியிருப்பது "ஓவர்டைம்". நம் நாட்டுக் கவின் ஜே 2018-இலேயே நெட்ஃபிலிக்ஸ் வரை போய்விட்டார். அதனால் வழியே இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. அதற்காக நாளைக்கே வேலையை எழுதிக் கொடுத்துவிடு என்று அந்தப் பையனிடம் நான் சொல்லவில்லை. ரொமேஷும் முதலில் வகுப்பறையையும் மேடையையும் சேர்த்தேதான் ஓட்டினார். "அம்மாவிடம் ஓவர்டைம் என்று சொல்வதை மட்டும் நிறுத்து" என்றேன். "அவங்களைப் பத்திதான் ஜோக்கே, எப்படிச் சொல்றது?" என்கிறான்.

பெற்றோருக்கு ஒரு குறிப்பு: ரொமேஷின் மேடைப் பேச்சில் கெட்ட வார்த்தைகள் தாராளமாக வரும். இலங்கைத் தொடர் கிடைத்தால் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். மேடை நிகழ்ச்சிகளை அவர் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.