விதை மீனைத் தின்னலாமா?

அமெரிக்காவின் தென்கோடியில் டெக்சாஸ் மாநிலம் இருக்கிறது. அதன் கடற்கரை நெடுகிலும் ஆழமில்லாத காயல்கள். இடுப்பளவு தண்ணீர். அடியில் கடற்புல். அங்கே புள்ளி மீன் வாழ்கிறது.

முதுகெல்லாம் கறுப்புப் புள்ளி. ஊரார் இதை 'ட்ரவுட்' என்கிறார்கள். ஆனால் இது ட்ரவுட் இனம் அல்ல. தமிழ்நாட்டுக் கடலில் கிடைக்கும் கத்தாளைக்குத்தான் இது சொந்தம்!

தக்கை செய்யும் தந்திரம்

விடுமுறை நாளில் தகப்பனும் மகனும் தூண்டிலோடு தண்ணீரில் இறங்குவார்கள். காலைத் தூக்கி வைக்க மாட்டார்கள். தரையில் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். ஏன்? மணலில் திருக்கை படுத்திருக்கும். மிதித்தால் வால் முள்ளால் குத்திவிடும். காலைத் தேய்த்தால் விலகி ஓடிவிடும்.

தூண்டில் கயிற்றில் ஒரு தக்கை. சுண்டினால் 'களக்' என்று சத்தம் வரும். வேறொரு மீன் இரை பிடிக்கிறது என்று எண்ணிப் புள்ளி மீன் ஓடி வரும். கீழே தொங்கும் இறாலைக் கவ்வும். மாட்டிக்கொள்ளும்!

குளிர் கொன்றது

2021 பிப்ரவரியில் டெக்சாசைக் கடுங்குளிர் தாக்கியது. ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தது. குறைந்தது 38 லட்சம் மீன்கள் செத்தன என்று மாநில அதிகாரிகள் கணக்கிட்டார்கள். செத்தவற்றில் புள்ளி மீனும் ஏராளம்.

2024-ல் புது விதி வந்தது. ஒருவர் ஒரு நாளைக்கு 5 மீன் எடுத்தது போய், 3 மீன்தான் எடுக்கலாம் என்றாயிற்று. நீளம் 15 முதல் 20 அங்குலம் இருக்க வேண்டும். சிறியதையும் விடவேண்டும், பெரியதையும் விடவேண்டும். பெரிய மீன் ஒன்று வேண்டுமானால் அதற்குத் தனிச் சீட்டு.

"கொன்றது குளிர். தண்டனை தூண்டில்காரனுக்கா?" என்று கேட்கலாம். குளிரைச் சட்டத்தால் தடுக்க முடியாது. மனிதன் கையைத் தடுக்க முடியும். விதி சரியானதே.

பெரிய மீனை ஏன் விடவேண்டும்? அவை பெரும்பாலும் பெண் மீன்கள். உடல் பெருக்கப் பெருக்க முட்டையும் பெருகும். விதை நெல்லைக் குத்திப் பொங்கித் தின்றால், அடுத்த போகத்துக்கு எதை விதைப்பது?

இன்னொன்றும் உண்டு. டெக்சாஸ் கடலில் பிடித்த புள்ளி மீனை விற்கக் கூடாது என்று 1981-லேயே சட்டம் வந்தது. வயிற்றுப் பிழைப்புக்கு வலை வீசியவன் அன்று அந்த மீனையே விட்டான். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவன் 2 மீனை விடக் கூடாதா?

விடுவதிலும் பக்குவம் வேண்டும். இந்த மீனின் வாய் மெல்லியது. முள்ளை மெதுவாக எடுக்க வேண்டும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடவேண்டும். உலர்ந்த கை பட்டால், உடலைக் காக்கும் வழவழப்புப் போய்விடும்.

தகப்பனுக்கு 3, மகனுக்கு 3. ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்கு அது போதாதா? மகன் நாளை தன் பிள்ளையோடு அதே காயலில் இறங்குவான். அன்றும் தக்கை ஆட வேண்டும்!