உட்கார ஒரு புல்தரை வேண்டாமா?

சிங்கப்பூரில் பூங்காவுக்குப் பஞ்சமா? யாரிடம் கேட்டாலும், "என்னங்க, ஊரே தோட்டம்தானே!" என்பார்கள். வாஸ்தவம்தான். 1967-ல் 'தோட்ட நகரம்' என்று ஆரம்பித்த வேலை அது. நம் பூமலை 2015-ல் உலகப் பாரம்பரியத் தலமாகவே ஆகிவிட்டது!

ஆனால் காலையிலிருந்து கடையில் கால் கடுக்க நிற்கிறவருக்கும், ஆபீஸில் குனிந்த தலை நிமிராத குமாஸ்தாவுக்கும் பூமலை எப்போது? ஊரிலிருந்து விருந்தாளி வந்தால்தான்! தினசரி அவருக்குக் கைகொடுப்பது நாலு மரமும் ரெண்டு பெஞ்சும் உள்ள சின்னப் பூங்காதான்.

ஹாங் லிம் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1876-ல் சியாங் ஹாங் லிம் என்ற வியாபாரி 3,000 டாலர் கொடுத்து உண்டாக்கிய தோட்டம். 2000-ல் அங்கே பேச்சாளர் முனை வந்தது. பேச்சு இல்லாத நேரத்தில் மரநிழல் சும்மாதானே கிடக்கிறது! சைனாடவுன் பக்கம் டக்ஸ்டன் பிளெய்ன் பூங்கா. ஒரு காலத்தில் ரயில் பாதை போன இடம். நீளம் உண்டு, அகலம் இல்லை. இருந்தால் என்ன? பத்து நிமிஷம் காற்று வாங்க அது போதாதா?

இப்போது நம்ம தேக்காவுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள். துவாஸ், ஜூரோங் விடுதிகளிலிருந்து வாரம் ஒரு நாள் வருகிற தொழிலாளிகள். கடையில் உட்கார்ந்தால் ஒரு தேயாவது வாங்கணும். காசில்லாமல் உட்கார இடம் எது? கண்ணில் படுகிற புல்திட்டுதான்!

பக்கத்திலேயே இருக்கிறது ஃபேரர் பார்க். 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்த இடம். ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் வந்ததே அதனால்தான். 1942 பிப்ரவரி 17-ல் சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் கூட்டப்பட்டதும் இதே திடலில்தான். இந்த வட்டாரத்தில் வீவக வீடுகள் கட்டும் திட்டத்தை 2021-ல் அறிவித்தார்கள்.

வீடு வேண்டாம் என்று யார் சொன்னது? குடியிருக்க வீடு வேண்டியதுதான். திறந்த வெளியும் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷம். அந்த வெளி முன்பதிவு செய்தவருக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. யாரும் வந்து உட்காருகிற புல்தரையாக ஒரு பகுதி இருக்கணும்.

2030-க்குள் எந்த வீட்டிலிருந்தும் பத்து நிமிஷ நடையில் ஒரு பூங்கா என்பது அரசாங்கத்தின் இலக்கு. நல்ல இலக்கு. ஆனால் விடுதியில் படுக்கிறவருக்கு வீடு ஏது? கடை வாசலிலேயே பொழுது போகிறவர் வீட்டுப் பக்கம் உள்ள பூங்காவை எப்போது பார்ப்பார்?

வீட்டிலிருந்து அளக்கிறீர்கள். கடையிலிருந்தும், ஆபீஸிலிருந்தும், தேக்கா சந்தையிலிருந்தும் கொஞ்சம் அளந்து பாருங்கள். பெரிய செலவு வேண்டாம். ஒரு மரம், ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குழாய்.

சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?