பினாங்கில் வீடு வாங்கும் கனவான்களுக்கு

பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றை விலைக்கு வாங்குவது நம்மவருள் வசதி படைத்த சிலருக்கு இன்று ஒரு கௌரவமாகிவிட்டது. கோலாலம்பூரில் பொருளீட்டியவரும் சிங்கப்பூரில் தொழில் நடத்துபவரும், "பாட்டனார் மூட்டை சுமந்த சூலியா வீதியிலேயே வீடு வாங்கிவிட்டோம்" என்று உவகை கொள்கின்றனர். உவகையில் குற்றமில்லை. ஆனால், "பணம் ஹலால், பத்திரம் சுத்தம், இனி எவர் என்ன கேட்பது?" என்று அவர்கள் பேச்சை முடிக்கும்போது, நாம் கேட்கிறோம்: அந்த வீட்டில் நேற்றுவரை இருந்தவர் எங்கே?

இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டி வைத்திருந்தது. ஜார்ஜ் டவுனின் உள்நகரில் பெரும்பாலானவை அத்தகைய கட்டடங்களே. தையற்காரர், தொப்பி தைப்பவர், புத்தகக் கடைக்காரர், நாசி கண்டார் விற்பவர் என எளிய மக்கள் நகரின் நடுவே நிலைத்திருக்க முடிந்தது அச்சட்டத்தால்தான். அது வீட்டுக்காரர்களுக்கு அநீதி இழைத்தது என்பதையும் நாம் மறைக்கவில்லை. கைக்கு வரும் வாடகை கூரையின் ஓடு மாற்றவும் போதாது. ஆகவே ஓடு மாற்றப்படவில்லை. மழை உள்ளே வந்தது. போதாக்குறைக்கு, முதற்குடி என்று ஒருவர் குறைந்த வாடகைக்கு எடுத்து, அறை அறையாகத் தடுத்து மற்றவருக்கு உள்வாடகைக்கு விட்டு இலாபம் பார்த்ததும் உண்டு. அச்சட்டத்தை என்றேனும் திருத்தியே ஆகவேண்டியிருந்தது. ஆனால் திருத்தவில்லை, 1997இல் நீக்கச் சட்டம் இயற்றி, 1999 டிசம்பர் 31 வரை தவணை கொடுத்து, 2000 ஜனவரி முதல் நாள் ஒரேயடியாகக் கதவைத் திறந்துவிட்டார்கள். வாடகை பன்மடங்கு ஏறியது. தலைமுறைகளாக இருந்தோர் நகரின் ஓரத்து அடுக்குமாடிகளுக்குப் போயினர். காலியான வீடுகள் சிலவற்றின் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, பறவைக் குரலை ஒலிபெருக்கியில் பாடவிட்டு, கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வளர்த்தார்கள். மனிதர் போன வீட்டில் குருவிகள் குடியேறிய கதையை வேறெந்த நகரத்தில் கேட்டிருப்போம்?

2008 ஜூலையில் மலாக்காவோடு ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பல இனத்தாரும் பல சமயத்தாரும் ஒரே தெருவில் கூடி வாழும் சிறப்பே அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் முதன்மையானது. பட்டியலில் பெயர் ஏறியதும் நிலத்தின் விலையும் ஏறியது. கடைவீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. எந்தச் சிறப்புக்காக மதிப்பு வந்ததோ, அந்தச் சிறப்பை அம்மதிப்பே தின்னத் தொடங்கியது. ஆர்மேனியன் வீதிச் சுவரில் 2012இல் ஓர் ஐரோப்பிய ஓவியர் சைக்கிளில் செல்லும் இரு குழந்தைகளை வரைந்தார். அவ்வோவியத்தோடு நிழற்படம் எடுக்க வரிசை நிற்கிறது. அந்த வட்டாரத்தில் குடியிருந்து விளையாடும் மெய்யான குழந்தைகளைத் தேடித்தான் காணவேண்டும்.

"இதில் மார்க்கம் எங்கே வந்தது?" என்பார்கள். வந்தது, சுவரில் வந்தது. இக்கடைவீடுகள் தனித்து நிற்பவை அல்ல. ஒரே சுவர் இரு வீட்டாரின் உத்திரத்தையும் தாங்கும். முன்புறத்து ஐந்தடி நடைபாதை தெருவார் அனைவருக்கும் பொது. நம் ஃபிக்ஹு நூல்களில் ஷுஃப்ஆ என்றொரு பாடமே இருப்பது இத்தகைய நெருக்கத்தைக் கருதித்தான். ஒருவர் தம் சொத்தை விற்கும்போது, அந்நியருக்கு முன்னதாக அதனைப் பெறும் உரிமை கூட்டாளிக்கு உண்டு. ஹனஃபி மத்ஹபில் அண்டைவீட்டாருக்கும் உண்டு. ஸஹீஹுல் புகாரியில் அபூ ராஃபிஉ (ரலி) அவர்களின் செய்தி பதிவாகியுள்ளது. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்தில் அவருக்கு இரு அறைகள் இருந்தன. ஸஅத் கொடுக்க முன்வந்தது நாலாயிரம், அதுவும் தவணையில். வெளியார் ஐந்நூறு தீனார் தருவதாகச் சொல்லியிருந்தும், அண்டைவீட்டாருக்கே முன்னுரிமை என்ற நபி (ஸல்) அவர்களின் சொல்லைக் கேட்டிருந்த ஒரே காரணத்தால், அவர் ஸஅதுக்கே கொடுத்தார்.

உடனே கற்றறிந்த ஒருவர் எழுவார்: "நாம் கடற்கரை ஷாஃபிஈகள், நம் மத்ஹபில் அண்டைவீட்டாருக்கு ஷுஃப்ஆ கிடையாது. வாடகைக்கு இருப்பவருக்கோ எந்த மத்ஹபிலும் கிடையாது." உண்மை. இரண்டும் உண்மை. இன்னொன்றையும் நாமே எடுத்துக் கொடுக்கிறோம்: சென்னை உயர் நீதிமன்றம் 1870இலேயே ஷுஃப்ஆவை ஏற்க மறுத்துவிட்டது. ஆயினும் அந்த ஹதீஸை, அண்டைவீட்டாருக்குச் செய்யும் உபகாரம் என்ற பொருளில் கொண்டோர் ஷாஃபிஈ அறிஞர்களுள்ளும் உண்டே! சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் உபகாரத்துக்கும் விடுமுறை என்று எந்த உஸ்தாதிடம் இவர்கள் ஓதினார்கள்? தொழுகையின் நஃபிலையெல்லாம் தேடித்தேடி நிறைவேற்றுகிறவர்கள், கொடுக்கல் வாங்கலில் மட்டும் ஃபர்ளோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆளை அகற்றி அழகைக் காப்பது ஜார்ஜ் டவுனுக்குப் புதிதுமன்று. காதர் முகைதீன் என்னும் கப்பித்தான் கிளிங், 1801ஆம் ஆண்டளவில் கும்பெனி வழங்கிய நிலத்தில் பள்ளிவாசலை நிறுவியபோது, அதைச் சூழ்ந்து நம் மக்களின் குடியிருப்பும் வளர்ந்தது. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அறக்கட்டளை வாரியம், வக்ஃபு நிர்வாகத்தைச் சீர்படுத்துவதாகச் சொல்லி வந்தது. சூழ்ந்திருந்த வீடுகள் அகற்றப்பட்டு, பள்ளிவாசல் திறந்தவெளியில் தனித்து நின்றது. அன்று அதைச் செய்தவர் ஆங்கிலேய அதிகாரிகள். இன்று செய்பவர் நம் பெயரையே தாங்கியிருக்கிறார்.

இவர்களுடைய கடைசி வாதம்தான் வலுவானது: "நான் வாங்காவிட்டால் வெளிநாட்டு நிறுவனம் வாங்கும்." ஆம், வாங்கும், தெருவின் பாதியை வாங்கிவிட்டுப் பூட்டியும் வைக்கும். அதனால்தான் வாங்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. வாங்குங்கள். ஆனால் "வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும்" என்ற நிபந்தனையை உங்கள் ஒப்பந்தத்திலிருந்து அடியுங்கள். அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டு, வெளியேற்றிய பழியை விற்றவர் தலையில் சுமத்துவதே இங்கு வழக்கமாக இருக்கிறது. கீழ்த்தளத்தில் தொப்பி தைப்பவர் இருந்தால், அவர் தாங்கும் வாடகையில் பத்தாண்டுக் குத்தகை எழுதிக் கொடுங்கள். மேல்தளம் உங்கள் குடும்பத்துக்குப் போதும். வசதியுள்ளோர் நால்வர் சேர்ந்தால் ஒரு வீட்டை வாங்கி வக்ஃபு செய்யலாம். வக்ஃபான வீட்டை விற்க முடியாது. சந்தை எவ்வளவு ஏறினாலும் அதன் கதவைத் தட்ட முடியாது. ஆனால் வக்ஃபு வீட்டின் வாடகையையும் சந்தை விலைக்கு உயர்த்துகிற முதவல்லிகள் இருக்கிறார்கள். ஆகவே யாருக்கு, என்ன வாடகைக்கு என்பதை வக்ஃபு செய்பவரே ஆவணத்தில் எழுதிவிடவேண்டும். வாகிஃபின் நிபந்தனைக்கு நம் ஃபுகஹாக்கள் எத்துணை மதிப்பளித்தனர் என்பது ஓதியவர்களுக்குத் தெரியும்.