பாடி யாருது?

சேலத்தில் ஒரு புத்தக அறிமுகக் கூட்டம். பேசி முடித்து இறங்கியதும் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். “பேச்செல்லாம் சரி தம்பி. ‘லாரிக்கு பாடி கட்டுறவங்க’ன்னு நாலு தடவ சொன்னீங்க. ‘கூண்டு கட்டுபவர்’னு நல்ல தமிழ் இருக்கே, ஏன் சொல்லக்கூடாது?” மேடையில் அவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசியவனுக்கு அப்போது பதில் வரவில்லை. பஸ் மல்லூர் தாண்டியபோதுதான் வந்தது. அந்தப் பதில்தான் இது. கொஞ்சம் கோபமாக இருக்கும், ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கூண்டு. நாமக்கல்காரனிடம் கூண்டு என்று சொல்லிப் பாருங்கள். “எத்தன கோழிங்க?” என்றுதான் கேட்பான். ஊரைச் சுற்றிக் கோழிப்பண்ணை, பண்ணை முழுக்கக் கூண்டு. அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் ஏற்கனவே வேலை இருக்கிறது. தவிர, மேலே திறந்து கிடக்கும் ஒரு லோடு லாரி எந்த விதத்தில் கூண்டு? செய்தித்தாளில் உட்கார்ந்து எழுதுபவர்களுக்கு அது கூண்டாகத் தெரியலாம்.

என் பெரியப்பா முப்பது வருஷம் பாடி கட்டினார். கம்பெனியிலிருந்து சேசிஸ் வரும். என்ஜினும் சக்கரமும் ஸ்டீயரிங்கும் மட்டும். கேபின்கூட இருக்காது. அதை ஓட்டி வருகிற டிரைவர் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு வெயிலிலும் காற்றிலும் வந்து இறங்குவார். அப்புறம் ஆசாரி, வெல்டர், டிங்கர், பெயின்டர் எனக் கை மாறிக் கை மாறி, கேபின், சைடு போர்டு, டெயில் போர்டு எல்லாம் ஏறி, அது வண்டியாகும். பட்டறையில் யாரும் பாடி ‘செய்வது’ இல்லை, ‘மாட்டுவது’ இல்லை. கட்டுவார்கள். வீடு கட்டுகிற மாதிரி, தாலி கட்டுகிற மாதிரி. உடம்புக்கு ‘யாக்கை’ என்றொரு பழைய பேர் உண்டு. யாத்தல் என்றால் கட்டுதல். எலும்பும் நரம்பும் தோலுமாகச் சேர்த்துக் கட்டியது என்பதால் யாக்கை. பெரியப்பா யாக்கை என்ற சொல்லைக் கேட்டிருக்கவே மாட்டார். ஆனால் இங்கிலீஷ்காரன் கொடுத்த பாடிக்கு அவர் பட்டறை எந்த வினையைச் சேர்த்தது என்று பாருங்கள். இதற்கு மேல் என்ன தமிழ் வேண்டும்?

வெளியூர் நண்பன் ஒருத்தன் வந்தபோது ரோட்டோரம் வரிசையாக ‘பாடி பில்டர்ஸ்’ போர்டுகளைப் பார்த்துவிட்டு, “ஏன்டா, உங்க ஊர்ல இத்தன ஜிம்மா?” என்றான். அவன் மேல் தப்பில்லை. இந்த ஒரு சொல் ஒவ்வொரு வாசலிலும் வேறு ஆளாக நிற்கிறது. ஜவுளிக்கடையில் பாடி என்றால் பெண்களின் உள்ளாடை. இங்கிலீஷில் அந்த ‘பாடீஸ்’ என்ற சொல்லே பாடியின் பன்மையிலிருந்து திரிந்ததுதான். பஞ்சாயத்துத் தேர்தலில் லோக்கல் பாடி. ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி. போதாததற்கு எங்களிடமே பழைய பாடி ஒன்று இருக்கிறது: ஊர், ஆயர் குடியிருப்பு, படை தங்கும் பாசறை. சேலம் மாவட்டத்தில் வாழப்பாடி, எடப்பாடி என்று இரண்டு ஊர்கள் அதைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதை நம் ஆட்கள் அசிங்கமாக நினைத்ததே இல்லை. சூடாமணி நிகண்டு தன் பதினோராம் தொகுதி முழுவதையும் அதற்குத்தான் கொடுத்திருக்கிறது. பழைய பாடியோடு புதிய பாடியும் வந்து உட்கார்ந்தால் குடி முழுகிவிடாது.

கலைச்சொல் ஆக்குவதே வீண் என்று நான் சொல்லவில்லை. 1916-ல், மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய அதே வருஷம், சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி நண்பர்களோடு சேர்ந்து அறிவியல் சொற்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். வேதியியலுக்கும் தாவரவியலுக்கும் தமிழில் பேர் வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தார்கள். பெரிய காரியம். ஆனால் லாரியின் பாடிக்கு எந்தச் சங்கமும் கூடவில்லை, கூட வேண்டியும் இருக்கவில்லை. அதைத் தொட்டவர்களே பேர் வைத்துவிட்டார்கள். அவர்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கத்தான் இன்றைக்கு ஆள் வருகிறது.

என் கோபம் இது மட்டும் என்றால் பஸ்ஸிலேயே தூங்கியிருப்பேன். ஐயாவின் கண்ணுக்கு ஏன் அந்த இன்னொரு பாடி தெரியவில்லை?

பெரியப்பா இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்தார். ஆஸ்பத்திரியில். காலை ஆறு மணிக்கு நர்ஸ் அவரைப் “பெரியவரே, ஊசி போடணும்” என்று எழுப்பினார். ஒன்பது மணிக்கு ஒருவர் காகிதத்தோடு வெளியே வந்து, “பாடி யாருது?” என்றார். மூன்று மணி நேரத்தில் பெரியவர் பாடி. அதைவிட மோசம், நான் கையைத் தூக்கி “எங்களுதுங்க” என்றேன். கையெழுத்துப் போட்டேன். தங்கச்சிக்குப் போன் போட்டு, “பாடி மூணு மணிக்குத் தருவாங்களாம்” என்றேன். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“பாடின்னு சொல்லாத சாமி. உங்க பெரியப்பா இன்னும் வூட்டுக்கே வரல.”

காகிதம் பிடித்திருந்தவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறாரோ. ஒவ்வொருவரையும் அப்பா, தாத்தா என்று அழைத்தால் அவரால் சோறு தின்ன முடியாது. பட்டறைக்கு ஒரு பாடி போல அவருக்கு அது தொழில் சொல். எனக்கு என்ன தொழில் அங்கே? நான் எதற்குச் சொன்னேன்? சொல்லாமல் தப்பிக்கத்தான். ‘பெரியப்பா’ என்று வாயெடுத்தால் அழுதிருப்பேன். பாடி என்றால் சாமான் எடுக்க வந்த மாதிரி நிற்கலாம்.

“அப்ப பிணம்னு சொல்லலாமா? அது இன்னும் கொடூரம்” என்று ஒரு நண்பர் மடக்கினார். சவம், பிரேதம் என்று அடுக்கவும் செய்தார். இந்தச் சொற்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. செய்தித்தாளைப் பிரித்துப் பாருங்கள். தலைவர் இறந்தால் ‘பூதவுடல்’, ‘உடலுக்கு அஞ்சலி’. பேர் தெரியாத ஒருத்தன் ஏரியில் மிதந்தால் ‘சடலம் மீட்பு’. ஆள் யார் என்று பார்த்துத்தான் அகராதியைத் திறக்கிறார்கள். தமிழ்ச் சொல் என்பதால் மட்டும் ஒரு சொல் யோக்கியமாகிவிடாது.

நான் சொல்வது வேறு. எழவு வீட்டுப் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். “எப்பங்க எடுக்கறீங்க?” எதை எடுக்க என்று யாரும் கேட்பதில்லை. “கொண்டாந்தாச்சா?” “குளிப்பாட்டியாச்சா?” “மொகத்தப் பாத்துக்குங்க.” செயப்படுபொருள் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். பேர் சொல்லியே ஆக வேண்டும் என்றால் “அப்பாவத் திண்ணையில படுக்க வைங்க” என்பார்கள். சுடுகாடு வரைக்கும் அவர் அப்பாதான். நிகண்டு எழுதியவர்கள்கூட யோசிக்காத ஒரு வழி, எங்கள் பெரியம்மாக்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காலி இடத்தில்தான் நாம் பாடியைக் கொண்டுபோய்ப் போடுகிறோம். வாட்ஸப்பில், போனில், “பாடி வந்துருச்சா மச்சி” என்று. தமிழைக் காப்பாற்றுகிறவர்கள் இங்கே வந்து ஒரு வார்த்தை சொன்னதாக நான் பார்க்கவில்லை. அவர்கள் லாரி பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு மூன்று மணி என்றது ஐந்தாகிவிட்டது. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் பட்டறை ஆட்கள்தான் முதலில் வந்து கை கொடுத்தார்கள். பெரியப்பாவை இறக்கி உள்ளே கொண்டுபோன பிறகு, அவரோடு இருபது வருஷம் வேலை பார்த்த வெல்டர் அண்ணன் மட்டும் வண்டியிடம் நின்றார். பின்கதவை இரண்டு தரம் தட்டினார். கீல் பக்கம் குனிந்து பார்த்தார்.

“பாடி சரியில்லீங்க. இந்த எடத்துல வெல்டிங் விட்டிருக்குது” என்றார் டிரைவரிடம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியப்பா இருந்திருந்தால் அவருக்கு முன்னால் இவர் சொல்லியிருப்பார்.