கடல் விட்ட ஊரும் கடல் தொட்ட தீவும்

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் நம்மவர்கள் கோடையில் உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் ஸ்விட்ஸர்லாந்துக்கே போய் நடுங்கிவிட்டு வருகிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு நண்பர், "தூத்துக்குடிப் பக்கம் பார்க்க என்ன ஐயா இருக்கிறது? உப்பும் பனையுந்தானே!" என்றபோது சற்றுக் கோபம் வந்தது உண்மை. அந்தக் கோபத்தோடேயே ரயில் ஏறினேன்.

தங்கியது சாயர்புரத்தில். சாமுவேல் சாயர் என்ற வியாபாரி வாங்கித் தந்த நிலத்தில் எழுந்த ஊர் ஆகையால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த போப்பையர் 1842-ல் வந்து பள்ளி நடத்தியதும் இங்கேதான். இங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம்! கிரேக்க மாலுமிகளும் அறிந்திருந்த பட்டினம்! என் மனத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. வழிகாட்ட வந்த அண்ணாச்சி வண்டியை நிறுத்திய இடத்திலோ வாழைத் தோட்டமும் நெல் வயலுந்தான் தெரிந்தன.

"கடல் எங்கே, அண்ணாச்சி?"

"அது போயி எத்தனையோ நூறு வருஷமாச்சே, தம்பி!" என்றார், கடல் ஏதோ அடுத்த வீட்டைக் காலி செய்து போன குடித்தனம் போல.

கடல் தானாகப் போய்விடவில்லை. பொதிகையிலிருந்து தாமிரபரணி சுமந்து வந்த வண்டல் அதைத் தள்ளிவிட்டது. இன்று நாலைந்து மைல் கிழக்கே போனால்தான் உப்புக் காற்று முகத்தில் படும். கொற்கை தூர்ந்த பின் காயல் துறைமுகமாயிற்று. மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டில் கண்டு வியந்தது அதைத்தான். அதுவும் தூர்ந்தது. பிறகே தூத்துக்குடிக்கு வாழ்வு வந்தது. 1968-69-ல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் கொற்கையில் தோண்டியபோது, வயல் மண்ணுக்கடியில் சங்குத் துண்டுகள் கிடைத்தன. அங்கே கிடைத்த கரியின் வயதைக் கணித்ததில் கி.மு. 785 என்று வந்தது. ஊரில் ஒரு பழைய வன்னி மரமும் உண்டு. அதற்கு இரண்டாயிரம் வயது என்பது ஊரார் கணக்கு. நான் மறுத்துப் பேசவில்லை. நிழலில் உட்கார்ந்துகொண்டு மறுப்பது மரியாதையன்று.

மறுநாள் தூத்துக்குடியில் வள்ளம் ஏறினோம். இராமேசுவரத்திலிருந்து இதுவரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாகக் கிடந்தன. 1986 முதல் அவை கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. சுற்றிலும் பவளப் பாறைகள். கடற்பசு மேயும் கடற்புல் வெளிகள். அனுமதியின்றித் தீவுகளில் இறங்கக்கூடாது. அது நல்ல விதி என்பதே என் அபிப்பிராயம்.

தொலைவிலிருந்தே வான் தீவைக் காட்டினார்கள். நீருக்கு மேல் ஒரு வெண்மணல் கோடு, கொஞ்சம் பச்சை, அவ்வளவுதான். 1969-ல் இது சுமார் 40 ஏக்கர். 2015-ல் 5 ஏக்கர்கூட மிஞ்சவில்லை. இதற்கு முன்பே விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் அடியோடு மூழ்கிவிட்டன. கொற்கையில் பின்வாங்கிய கடல் இங்கே பழி தீர்க்கிறதோ என்று எண்ணத் தோன்றும். ஆனால் கடலைக் குற்றம் சொல்ல வழியில்லை. அலையின் வேகத்தைத் தாங்கி உடைத்துக்கொண்டிருந்தவை பவளப் பாறைகள். அவற்றைப் பல ஆண்டு காலம் வெட்டிப் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவந்து, காளவாயில் இட்டுச் சுண்ணாம்பாக்கினோம். வேலி போன தோட்டத்தில் மாடு புகுவதற்குக் கேட்கவா வேண்டும்?

2001-ல் சட்டம் பவளத்துக்குக் காவல் வந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது பாறைகளின் அருமை எல்லாருக்கும் விளங்கிற்று. அடுத்த ஆண்டு வாக்கில் வெட்டுவது ஓய்ந்தது. 2015-க்குப் பிறகு வான் தீவின் முன்னே கான்கிரீட் பாறைகளை வரிசையாக இறக்கியிருக்கிறார்கள். அவற்றில் மீன் கூடுகிறது. அவற்றின் பின்னே மணலும் கொஞ்சம் திரும்பிச் சேர்ந்திருக்கிறது. ஆனால் பக்கத்திலுள்ள காரியச்சல்லித் தீவும் தேய்ந்துகொண்டு வருகிறது. முத்துக்கோ இங்கே 1961-க்குப் பிறகு குளிக்கவே இல்லை.

பார்க்க வருகிறவர்கள் ஆனி, ஆடிக் காற்றைத் தவிர்த்துத் தை முதல் பங்குனிக்குள் வருவது நலம். வள்ளம் ஏற அஞ்சுவோர் முயல் தீவுக்குத் துறைமுகத்திலிருந்து சாலை வழியாகவே போய்க் கால் நனைக்கலாம். இன்னொரு நாள் இருந்தால் தெற்கே குதிரைமொழித் தேரியையும் பார்க்க வேண்டும். பனைகளுக்கு நடுவே காற்று குவித்து வைத்த செம்மணல் மேடுகள் அவை. அந்தி வெயிலில் அந்த நிறம் எந்த மலைவாசத்திலும் கிடைக்காது.

இரவு சாயர்புரம் திரும்பி அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் சாய்ந்தேன். அவருடைய தகப்பனார் காலத்துச் சுவர். தடவினால் பளிங்குபோல் வழவழவென்றிருந்தது. என்ன பூச்சு என்று கேட்டேன்.

"கடல் கல்லுச் சுண்ணாம்பு, தம்பி. அந்தக் காலத்திலே வண்டி வண்டியா வரும்" என்றார். பிறகு சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் முதுகைச் சற்று நகர்த்திக்கொண்டேன்.