ஏஐ பயன்பாடும் மாணவர்மீது நடவடிக்கையும்: செயற்குழுவின் நிலைப்பாடு

விராலிமலை வட்டாரத்தில் வசிக்கும் கல்லூரி ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், மாணவர்கள் சேர்ந்து அமைத்த செயற்குழு வெளியிடும் அறிக்கை

ஏஐ எழுதியதாக மென்பொருள் 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் புராஜெக்ட் அறிக்கை ஏற்கப்படாது என்று பல்கலைக்கழக நிர்வாகத்திடமிருந்து சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து நடந்தது உறுப்பினர்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மனு கொடுத்தோம், ஒரு முறை நேரில் பேசினோம். எழுத்துப்பூர்வமான பதில் இதுவரை இல்லை. வரும் பருவத்தில் இந்த விதி எல்லாத் துறைகளுக்கும் வரும் என்று இப்போது வாய்மொழியாகச் சொல்கிறார்கள். இனியும் காத்திருப்பது சரியில்லை என்பதால் இந்த அறிக்கை.

செயற்குழுவில் இரண்டு கருத்துகள் இருந்தன. ஏஐக்கு முழுத் தடை வேண்டும் என்றார்கள் சிலர். ஆசிரியரும் மாணவரும் பேசி முடிவெடுக்கட்டும் என்றார்கள் சிலர். கீழே உள்ளது இரு தரப்பும் இப்போதைக்கு ஏற்றுக்கொண்ட நிலைப்பாடு.

எதில் உடன்படுகிறோம்

தான் எழுதாததைத் தான் எழுதியதாகக் கொடுப்பது தவறு. அதைச் சாட்ஜிபிடி எழுதினாலும் அண்ணன் எழுதினாலும் தவறுதான். பல்கலைக்கழகம் இதற்கு விதி வகுக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. கட்டுப்பாடு கொள்கையளவில் தேவை. அதன் அளவு பாடத்தைப் பொறுத்து, இயன்றவரை துறைகளே முடிவு செய்யலாம்.

ஆனால் ஒன்றை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். ஏஐ வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கல்லூரி வாசல்களில் புராஜெக்ட் சென்டர்கள் இருந்தன. பணம் கட்டினால் தலைப்பு முதல் முடிவுரை வரை தயார். ஸ்பைரல் பைண்டிங்கும் அவர்களே போட்டுக் கொடுப்பார்கள். அந்த அறிக்கைகளில் நெறியாளர் கையெழுத்து இருக்கிறது, துறைத் தலைவர் கையெழுத்து இருக்கிறது. அப்போது எழாத நேர்மைக் கேள்வி, கைபேசியில் இலவசமாக ஒரு செயலி வந்ததும் எழுந்திருக்கிறது. அதுவும் மாணவரை நோக்கி மட்டும்.

மென்பொருள் தீர்ப்புச் சொல்லலாமா

எங்கள் முதன்மையான எதிர்ப்பு இதில்தான்.

ஒப்புமை அறிக்கை வேறு, ஏஐ அறிக்கை வேறு. இரண்டிலும் விழுக்காடு வருவதால் நிர்வாகம் ஒன்றாகப் பார்க்கிறது. ஒப்புமை அறிக்கையில் மாணவர் எழுதிய வரியும், அது எடுக்கப்பட்ட மூலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மறுப்பதானாலும் ஒப்புக்கொள்வதானாலும் கண்ணால் பார்த்துப் பேசலாம். ஏஐ அறிக்கையில் மூலம் என்று எதுவுமே கிடையாது. அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பது போன்ற கணக்குகளை வைத்து மென்பொருள் ஒரு எண்ணைச் சொல்கிறது. எளிய சொல், குட்டி வாக்கியம், ஒரே மாதிரியான தொடக்கம் இவையெல்லாம் அதன் கண்ணுக்கு இயந்திரத்தின் எழுத்தாகத் தெரியக்கூடும்.

எளிய சொல்லிலும் குட்டி வாக்கியத்திலும் ஆங்கிலம் எழுதுபவர் யார்? பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்து, முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிக் கல்லூரிக்கு வந்த நம் பிள்ளைகள். ஆசிரியர்களாகிய நாமே கட்டுரை மாதிரியைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னோம். மாதிரியைப் பார்த்து எழுதப் பழக்கிவிட்டு, இப்போது மாதிரியாக எழுதுகிறாய் என்று தண்டிக்கிறோம்.

இது எங்கள் ஊகம் மட்டுமில்லை. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஏழு மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டுக்கும் மேல் இயந்திரம் எழுதியதாக முத்திரை குத்தப்பட்டன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தன் கண்டறியும் கருவி போதிய துல்லியம் இல்லாதது என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதம் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிட்டின் மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை நிறுத்தியது. அங்கே ஓர் ஆண்டில் அந்த மென்பொருளுக்குப் போனவை 75,000 கட்டுரைகள். நிறுவனம் சொன்ன ஒரு விழுக்காட்டுப் பிழையை அப்படியே ஏற்றாலும் சுமார் 750 பேர்மீது பொய்ப் பழி விழும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். நம் நிர்வாகம் அப்படியொரு கணக்குப் போட்டுப் பார்த்ததா?

இந்த விதியால் பாதிக்கப்பட்ட ஒரு மாணவியின் சம்மதத்தோடு இதை எழுதுகிறோம். காலை ஏழு மணிப் பேருந்தில் போய் மாலை இருட்டிய பிறகு வீடு திரும்புபவர். விசாரணைக்குத் தன் ரஃப் நோட்டை எடுத்துப் போனார். எங்களிடமும் காட்டினார். ஒரு பக்கத்தில் ஒரே ஆங்கில வாக்கியம் மூன்று முறை எழுதி அடிக்கப்பட்டிருக்கிறது. முதல் முறை வினைச்சொல் தவறு, இரண்டாம் முறை காலம் தவறு. மூன்றாவதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் தமிழில் பொருள் எழுதி வைத்திருக்கிறார். புராஜெக்ட்டுக்கான கணக்கெடுப்புக்குப் போன நாள்களின் பேருந்துச் சீட்டுகள் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன. விசாரித்தவர்கள் அந்த நோட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தாளில் ஒரு எண் இருந்தது. அது போதும் என்றார்கள்.

போதாது. ஒரு பிள்ளை கையால் எழுதியதைப் புரட்டிப் பார்க்க மறுத்த பிறகு கல்வி நேர்மை என்று பேசும் தகுதி யாருக்கும் இல்லை.

சட்டமும் நிர்வாகத்தின் பக்கம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறை, 10, 40, 60 விழுக்காடு என்று படிநிலை வகுத்தது ஒப்புமைக்குத்தான். அங்கும் துறை அளவில் மூவர் குழு வேண்டும், இயற்கை நீதிக் கோட்பாட்டைப் பின்பற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. முக்கியமாக, புராஜெக்ட் அறிக்கைகளும் விடைத்தாள்களும் அந்த விதிமுறையில் சேராது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அதிலிருந்து விழுக்காடு என்ற வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மாணவருக்கு இருந்த பாதுகாப்பைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

2024இல் ஹரியானாவின் ஜிண்டால் உலகளாவியப் பல்கலைக்கழகத்தில் சட்ட முதுகலை மாணவர் ஒருவர், விடைத்தாளை ஏஐ எழுதியதாகச் சொல்லித் தோல்வியாக்கப்பட்டார். அவர் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் தேர்ச்சி பெற்றதாகப் பல்கலைக்கழகம் அறிவித்ததும் வழக்கு முடிந்தது. சட்டம் படித்தவருக்கு நீதிமன்றப் படி ஏற முடிந்தது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிப் படிக்கும் மாணவி எந்தப் படி ஏறுவார்?

பிற

2025இல் பெர்ப்ளெக்சிட்டி, ஜெமினி, சாட்ஜிபிடி மூன்றின் கட்டணச் சேவைகளும் இந்தியாவில் கோடிக்கணக்கானோருக்கு இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. இதை அறியாதது போல் வெறும் தடை போடுவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆசிரியர்கள் வினாத்தாளுக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் ஏஐ பயன்படுத்துவதற்கும் அதே விதி பொருந்த வேண்டும். மாணவரின் ஆய்வை அவர் அனுமதியின்றி வெளி மென்பொருளில் ஏற்றுவது குறித்துத் தனியே விவாதிக்கலாம்.

கோரிக்கைகள்

1. ஏஐ மென்பொருளின் எண்ணை மட்டும் வைத்து எந்த மாணவர்மீதும் நடவடிக்கை கூடாது. இதில் சமரசம் இல்லை.
2. ஐயம் எழுந்தால் அறிக்கையின் நகலை மாணவரிடம் கொடுத்து, எழுத்துப்பூர்வ விளக்கத்துக்கு 15 நாள் அவகாசம் தர வேண்டும். விசாரணைக் குழுவில் வேறு துறை ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். மாணவர் தமிழில் விளக்கம் சொல்லலாம்.
3. ரஃப் நோட்டு, கள ஏடு, முந்தைய வரைவுகள் ஆகியவற்றைச் சான்றாக ஏற்க வேண்டும். வாய்மொழித் தேர்வை முறையாக நடத்த வேண்டும். எழுதியவரிடம் பத்து நிமிடம் பேசினால் உண்மை பெரும்பாலும் தெரிந்துவிடும்.
4. ஒவ்வொரு பணிக்கும் ஏஐயை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொன்ன மாணவரைத் தண்டிக்கக் கூடாது.
5. விரும்பும் மாணவர்கள் புராஜெக்ட் அறிக்கையைத் தமிழில் எழுத அனுமதிக்க வேண்டும்.
6. ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்ட மதிப்பெண்களை, மேற்கண்ட முறையில் மறுவிசாரணை முடியும்வரை, அரியராகக் கணக்கிடக் கூடாது.

உறுப்பினர்களான ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண் ஒன்று அச்சிட்ட தாளைக் கொடுத்து உங்களைக் கையெழுத்திடச் சொன்னால், முதலில் அந்த மாணவரின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.